தாபரிப்பு நிலுவை: பிள்ளை வளர்ந்த பின்னரும் தீராத கடன்

தாபரிப்பு வழக்குகள் அழைக்கப்படும் நாளொன்றில் நமது நீதவான் நீதிமன்ற வளவுகளில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்கள், ஒரே விதமான பேச்சு மீண்டும் மீண்டும் நடைபெறுவதை அவதானிக்கலாம். கட்டளை பிறப்பிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கடந்திருக்கும். நிலுவை இலட்சக்கணக்கில் சேர்ந்திருக்கும். தந்தை பிடியாணையின் பேரில் கொண்டு வரப்பட்டிருப்பார். இருபக்க உறவினர்களும் நடுவில் நின்று, தொகையில் எவ்வளவைத் தள்ளிவிடலாம் எனத் தாயிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முடிவில் மூன்றரை இலட்சம் ரூபா ஒரு இலட்சமாகக் குறைந்து, அதுவும் தவணைகளாகப் பிரிந்து, முதலாவது தவணையைக் கட்டிவிட்டுத் தந்தை வீடு திரும்புவார். இதனைச் சமாதானம் என்று அனைவரும் கூறுகின்றனர். தள்ளிவிடப்பட்ட அந்தப் பணம் யாருடையது என்ற கேள்வி மட்டும் அங்கு எழுவதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரையில் நமது நாடு இவ்விடயத்தில் வெறுங்கையுடன் நிற்கவில்லை. பிரித்தானியர் காலத்து 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் நீக்கப்பட்டு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. போதிய வசதியிருந்தும் தனது பிள்ளையைப் பராமரிக்கத் தவறும் பெற்றோர் எவராயினும், பிள்ளை திருமணத்தில் பிறந்ததாயினும் அல்லாததாயினும், மாதாந்தக் கொடுப்பனவு செலுத்துமாறு நீதவான் கட்டளையிட முடியும். தம்மைத் தாமே பராமரிக்க இயலாத 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளுக்கும் இச்சட்டம் இடமளித்துள்ளது. கட்டளையை மீறுபவரின் சம்பளத்திலிருந்து பணத்தைக் கழிப்பிக்கலாம். செலுத்தத் தவறிய ஒவ்வொரு மாதக் கொடுப்பனவுக்கும் ஒரு மாதம் வரையான சிறைத்தண்டனை விதிக்கலாம். ஏட்டில் பார்த்தால் இது பற்களுள்ள சட்டமே.

ஆனால் அந்தப் பற்கள் மாதச் சம்பளக்காரரை மட்டுமே கடிக்கின்றன. அரசாங்க உத்தியோகத்தர், வங்கி ஊழியர், தொழிற்சாலைப் பணியாளர் போன்றோரின் சம்பளத்தில் கழிக்கலாம். கடற்றொழிலாளி, மேசன், முச்சக்கரவண்டிச் சாரதி, சில்லறை வியாபாரி ஆகியோரின் வருமானம் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தாபரிப்புக் கோரி வரும் பெண்களில் மிகப் பலர் இவ்வாறான குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. அவர்களது வழக்குகளில் எஞ்சுவது பிடியாணை ஒன்றுதான். பிடியாணையை நிறைவேற்றுவதற்கு முகவரி வேண்டும். முகவரியைத் தேடித் தரும் பொறுப்பும் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகின்றது.

நிலுவை என்பது என்ன என்பதை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். செலுத்தப்படாத மாதங்களில் பிள்ளை உண்ணாமல் இருக்கவில்லை. பாடசாலைக்குச் செல்லாமலும் இருக்கவில்லை. யாரோ அந்தச் செலவைச் செய்திருக்கின்றார்கள். தாய் நகையை அடகு வைத்திருப்பாள், அம்மம்மா சீட்டுக் கட்டி எடுத்துக் கொடுத்திருப்பாள், மாமன் கடையில் கொப்பிக் கணக்கு ஏறியிருக்கும். ஆகவே பல ஆண்டுகளுக்குப் பின்னர் நீதிமன்றத்தில் கோரப்படும் பணம் வருங்காலத்துக்கான உதவியல்ல. தந்தையின் பெயரில் மற்றவர்கள் ஏற்கனவே செலவிட்டுவிட்ட பணமாகும். அதில் ஒரு பகுதியைத் தள்ளிவிடுவதென்றால் அடகில் மூழ்கிய நகையைத் தாயும், பழைய கடனை அம்மம்மாவும் ஏற்றுக்கொள்வதென்றே அர்த்தம். பெருந்தன்மையின் பாராட்டு ஒரு பக்கமும் செலவு மறுபக்கமுமாக முடிகின்ற இந்த ஏற்பாட்டைச் சமாதானம் எனக் கூறுவதற்கு எமக்கு மனம் வரவில்லை.

இக்கணக்கில் இன்னுமொரு கொடுமை உண்டு. உதாரணமாக, மாதம் 5,000 ரூபா வீதம் ஆறு ஆண்டுகள் செலுத்தப்படாவிடின் நிலுவை 360,000 ரூபா. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி நாட்டின் பணவீக்கம் 69.8 சதவீதமாகவும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகவும் இருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அந்த நெருக்கடிக்கு முன்னர் செலுத்தியிருக்க வேண்டிய 5,000 ரூபாவுக்குக் கிடைத்திருக்கக்கூடிய அரிசியும் பால்மாவும், அதே 5,000 ரூபாவை இன்று கொடுத்தால் கிடைக்கப்போவதில்லை. தாமதிப்பவருக்கு விலைவாசியே கழிவு கொடுக்கின்றது. தாய் பெற்ற நுண்கடனோ வட்டியுடன் வளர்கின்றது. நுண்கடனில் சிக்கிய பெண்களின் அவலம் எவ்வளவு பெரிதாக இருந்ததென்பதற்கு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 2018இல் அரசாங்கமே அக்கடன்களின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய முன்வந்தமை சான்று. அவ்வாறு கடன்பட்ட பெண்களில் எத்தனை பேருக்குக் கணவன்மார் தாபரிப்பு நிலுவை வைத்திருந்தனர் என்பதை அன்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் நாம் பார்க்கத் தவறக்கூடாது. செலுத்த மறுப்பவர் வேறு, செலுத்த இயலாதவர் வேறு. 2020இல் கொரோனா முடக்கத்தின்போதும் 2022இல் எரிபொருள் வரிசைகளின்போதும் நாட்கூலியை இழந்த தந்தையர் பலர். நிலைமை மாறினால் கொடுப்பனவைக் குறைக்குமாறோ கூட்டுமாறோ நீதிமன்றத்தைக் கேட்பதற்குச் சட்டம் வழிவிட்டுள்ளது. வருமானம் விழுந்த மாதத்திலேயே நீதிமன்றம் சென்று அதனைக் கூறும் தந்தைக்கு நிலுவை மலையாகச் சேராது. நம்மவர்கள் அதனைச் செய்வதில்லை. வழக்குக்கு வராமல் விடுவது, ஊர் மாறுவது, பிடியாணை வந்த பின்னர் ஓடி ஒளிவது என்றே காலம் கழிகின்றது. வறுமையைக் காரணம் காட்டுபவர் அதனை உரிய காலத்தில் காட்டியிருக்க வேண்டுமென நீதிமன்றம் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

சிறைத்தண்டனை பற்றியும் ஒரு வார்த்தை. மறியலில் இருக்கும் தந்தை உழைப்பதில்லை. பல தாய்மார் அந்த நிலைக்குப் போக விரும்பாமலேயே பணத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். பிள்ளையின் தகப்பனை உள்ளே போட்டவள் என்ற பேச்சு ஊரில் ஆயுள் முழுவதும் தொடரும் அல்லவா? அதேவேளை, உள்ளே போய் வந்துவிட்டேன், கணக்கு முடிந்துவிட்டது என்று கருதும் தந்தையரும் உள்ளனர். இதனையொத்த ஏற்பாட்டைக் கொண்ட இந்திய சட்டத்தின் கீழ் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1988இல் வழங்கிய தீர்ப்பொன்று, சிறை என்பது பணத்தை அறவிடுவதற்கான வழியே தவிர பணத்துக்குப் பதிலீடு ஆகாதெனத் தெளிவுபடுத்தியது. எமது நிலைப்பாடும் அதுவே.

முஸ்லிம் தாய்மார்களைப் பொறுத்தவரையில் பாதை இன்னும் நீளமானது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் தாபரிப்புக் கோரிக்கைகளைக் காதி விசாரிக்கின்றார். ஆனால் அவரது கட்டளையை அவரே நிறைவேற்ற முடியாது. காதி சான்றிதழ் வழங்க, அத்தொகையை நீதவான் அபராதப் பணத்தைப் போல் அறவிட வேண்டும். ஆக, ஒரே பணத்துக்காக ஒரு தாய் இரண்டு வாசல்களில் ஏறி இறங்குகின்றாள். 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல் அறிக்கையைக் கையளித்தபோது அதன் உறுப்பினர்கள் இரு அணிகளாகப் பிரிந்திருந்தனர். திருமண வயது, பெண் காதிகள் ஆகிய விடயங்களில் எழுந்த வாதப்பிரதிவாதங்களின் சத்தத்தில், நிலுவையை விரைவாக அறவிடுவது எவ்வாறு என்ற சாதாரண விடயம் பின்தள்ளப்பட்டது என்பதே எமது அபிப்பிராயம். இதில் மார்க்க ரீதியான கருத்து வேறுபாட்டுக்கு இடமேயில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்கியுள்ளது. போதியளவு தராத கணவரைப் பற்றி ஹிந்த் அவர்கள் முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமான அளவு போதுமானதை அவரது செல்வத்திலிருந்து எடுத்துக்கொள்ள நபிகளார் (ஸல்) அனுமதித்தமை ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. ஜும்ஆப் பிரசங்கங்களில் இது அடிக்கடி நினைவூட்டப்பட வேண்டிய செய்தியாகும்.

வெளிநாடு சென்றுவிட்ட தந்தையரின் விடயம் தனியானது. இங்கிலாந்துடன் தாபரிப்புக் கட்டளைகளைப் பரஸ்பரம் நிறைவேற்றிக்கொள்வதற்கான கட்டளைச் சட்டம் 1921ஆம் ஆண்டு முதல் நம்மிடம் உண்டு. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 27ஆவது உறுப்புரையும், வெளிநாட்டிலுள்ள பெற்றோரிடமிருந்தும் தாபரிப்பை அறவிட்டுக் கொடுப்பதை அரசின் கடமையாகக் கூறுகின்றது. ஆயினும் நமது தந்தையர் பெருந்தொகையாகத் தொழில் புரியும் வளைகுடா நாடுகளிலிருந்து பணம் அறவிடுவது ஒரு தனித் தாயால் ஆகக்கூடிய காரியமல்ல.

இங்கு வேடிக்கையான முரண்பாடொன்று கண்ணில் படுகின்றது. 2013 முதல் வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கோரப்பட்டது. பிள்ளையின் வயது என்ன, யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் விசாரிக்கப்பட்டது. 2022இல் பிள்ளையின் குறைந்தபட்ச வயது இரண்டாகக் குறைக்கப்பட்டபோதும் மாற்றுப் பராமரிப்புக்கான உறுதி தாயிடமே கேட்கப்பட்டது. தாபரிப்பு நிலுவை வைத்துவிட்டு விமானம் ஏறும் தந்தையிடம், உமது பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என எவரும் கேட்டதில்லை. அவர் பணம் தராத காரணத்தினாலேயே அந்தத் தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்ல நேர்ந்திருக்கலாம் என்பதையும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தந்தையின் பயணத்தைத் தடுக்குமாறு நாம் கூறவில்லை. அவர் உழைத்தால்தான் பிள்ளைக்கும் பணம். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யும்போது நீதிமன்றக் கட்டளை உள்ளதா என்பதைத் தெரிவிக்கவும், உள்ளதாயின் மாதாந்தம் பிள்ளையின் பெயரிலான வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் உறுதியை வழங்கவும் வேண்டுமென்றே கோருகின்றோம்.

ஜேர்மனியில் 1980 முதல், தந்தை செலுத்தத் தவறும் தாபரிப்பை அரசே பிள்ளைக்கு முற்பணமாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் தந்தையிடமிருந்து அறவிடுகின்றது. அவுஸ்திரேலியாவில் 1988இல் இதற்கென வரித் திணைக்களத்துடன் இணைந்த முகவரகம் அமைக்கப்பட்டது. அந்நாடுகளில் வாழும் நம்மவர்களுக்கு இது நன்கு தெரியும். நமது திறைசேரியின் நிலைமையில் முற்பணம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாததாக இருக்கலாம். அறவிடும் சுமையைத் தாயின் தோளிலிருந்து இறக்குவதற்குத் திறைசேரி தேவையில்லை.

சட்டத்தைத் திருத்தும் வரையில் காத்திருக்காமல் செய்யக்கூடிய காரியமொன்று உண்டு. எத்தனை மாதம் கட்டப்பட்டது, எத்தனை மாதம் தவறியது என்ற கணக்கைத் தாயே சிட்டை சிட்டையாகச் சேர்த்து வைக்க வேண்டியுள்ளது. சுனாமியிலும் இடம்பெயர்விலும் வெள்ளத்திலும் சிட்டைகளைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொரு வழக்குக்குமான நிலுவைக் கூற்றை நீதிமன்றப் பதிவாளர் ஆண்டுக்கொரு முறை எழுத்தில் தாய்க்கு வழங்கவும், காதி நீதிமன்றங்களும் அவ்வாறே செய்யவும் நீதிச்சேவை ஆணைக்குழு பணிக்குமாயின், நீதிமன்ற வளவில் உறவினர்கள் பேரம் பேச ஆரம்பிக்கும்போது தாயின் கையில் முத்திரையிட்ட ஒரு தாளாவது இருக்கும்.