வடிகட்டியும் வளரும் பிள்ளையும்

வீட்டிற்கு இணையம் வந்ததும் பெற்றோர் பலர் வடிகட்டி ஒன்றைத் தேடுகின்றனர். ஆபாசத் தளங்களை அடைத்துவிட்டால் பதின்பருவப் பிள்ளைகளைக் காத்துவிட்டோம் என்பது அவர்தம் எண்ணம். வடிகட்டி வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அதனைப் பொருத்திய கையோடு பெற்றோர் தம் கடமையினின்றும் ஓய்வு பெற்று விடுகின்றனரே, அதனையே கண்டிக்கிறோம்.

இக்கருவி செய்யும் பணிதான் யாது? தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாட்டை டி.என்.எஸ். என்பர். வீட்டு ரவுட்டரில் அதற்கான எண்ணை மாற்றி, 2020இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் குடும்பங்களுக்கென அளித்த 1.1.1.3 போன்றதொன்றைப் பதிந்தால், பட்டியலிலுள்ள ஆபாசத் தளங்களுக்கு வழி கிட்டாது. செலவில்லை, சில நிமிட வேலை. ஏழு வயதுக் குழந்தை தெரியாமல் இடறி விழாதிருக்க இது நல்ல காப்பு. மறுப்பாரில்லை.

ஆனால் பதினைந்து வயது, தேடுகின்ற வயது. பிள்ளையின் கைபேசியில் சிம் இருக்கிறது. வைஃபையை அணைத்த கணமே ரவுட்டரின் ஆட்சி முடிந்தது. வி.பி.என். செயலி இருந்தால் அணைக்கவும் தேவையில்லை. மேலும், இவ்வடிகட்டி தளத்தின் பெயரை அறியுமேயன்றி உள்ளிருக்கும் பக்கத்தை அறியாது. நல்லதும் தீயதும் ஒரே கூரையின் கீழ்க் கிடக்கும் சமூக வலைத்தளங்களில் அது என் செய்யும்?

2007இல் ஆஸ்திரேலிய அரசு 8 கோடியே 40 லட்சம் டாலர் திட்டமாக வடிகட்டி ஒன்றை வீடுகளுக்கு இலவசமாக வழங்கியது. மெல்போர்ன் நகரத்துப் பதினாறு வயது மாணவன் ஒருவன் அரைமணி நேரத்தில் அதனைக் கடந்து காட்டினான். 2013இல் பிரிட்டனில் இணைய நிறுவனங்களின் வடிகட்டிகள் பாலியல் கல்வித் தளங்களையும் தடுத்ததை பிபிசி வெளிக்கொணர்ந்தது. கள்வனைத் தவறவிட்டு மருத்துவனைப் பிடித்த காவல் அது!

இவற்றினும் பெரிய கேடு வேறுண்டு. பிள்ளை அறியாமல் வடிகட்டியை வைத்து, அவன் எங்கெங்கு சென்றான் என்று ஒளிந்து பார்க்கும் தந்தை, மகனுக்கு ஒளியும் கலையையே கற்பிக்கிறார். நாளை முகமறியாத ஒருவன் படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் கேட்பான். அன்று அப்பிள்ளை யாரிடம் ஓடும்? பூட்டுப் போட்டவரிடமா? ஒளிந்து பார்த்தவரிடமா? மானத்திற்கு அஞ்சி உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் உலகில் உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது, ‘அஞ்சாதே, என்னிடம் சொல்’ என்னும் ஒரு குரல்.

‘இதையெல்லாம் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?’ என்று கூசுவோர்க்கு நாம் சொல்வது இது: நீங்கள் பேசாவிடில், கைபேசி பேசும்.

ஆகவே, வடிகட்டியை வையுங்கள். பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். காரணத்தை விளக்குங்கள். தவறாக அடைபட்ட தளத்தைத் திறந்துவிடக் கேட்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள். மகளின் கைபேசியைப் பறித்து மகனுடையதைத் தொடாத ஓரவஞ்சனையை விடுங்கள். வயது ஏற ஏறக் கட்டைத் தளர்த்துங்கள். யாவற்றுக்கும் மேலாக, அதே வடிகட்டியின் கீழ் உங்கள் கைபேசியும் இருக்கட்டும். தமக்கு விலக்களித்துக்கொள்ளும் சட்டத்தை எந்தப் பிள்ளையும் மதிப்பதில்லை.