நன்றி யார் யாருக்குச் சொல்வது?

"அப்புத்தளைக்கு வந்து பாருங்கள், வெள்ளைக்காரரை எப்படி வரவேற்கிறோம் என்று. இதைவிடச் சகிப்புத்தன்மை வேறெங்கே உண்டு?" என்கிறார் நண்பர். தேயிலைத் தோட்டத்து மக்கள், தங்களை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கு நன்றியோடு இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். முதல் வாதம் அரைகுறை. இரண்டாவது அநியாயம்.

இரண்டு நாள் தங்கிச் செலவழித்துவிட்டுப் போகிறவரை உபசரிப்பது நல்ல பழக்கம்தான். தங்கி உழைத்தவரை என்ன செய்தோம்? 1947 தேர்தலில் மலையகத் தமிழர் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு வருடமே குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆனது.

அப்புத்தளையில் லிப்டன் சீட் என்ற மலைமுகட்டுக்கு ஓட்டோவில் ஏறும் பயணிகள் படம் பிடிப்பது, தலையில் கயிறு மாட்டிச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களை. 1890இல் லிப்டன் கட்டிய தம்பேதென்ன தொழிற்சாலைக்குப் போவதும் இவர்கள் பறிக்கும் கொழுந்துதான். இங்கிருந்து அதிக தூரமில்லாத மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களோடு மனிதர்களையும் புதைத்தது. ஆபத்து என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது.

நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்தவர்களிடம் நாட்டுப்பற்றுக்கு அத்தாட்சி கேட்க எவருக்கும் உரிமையில்லை. லயத்துக் குடும்பங்களுக்குக் காணி உறுதி கொடு என்று நண்பரும் எங்களோடு சேர்ந்து கேட்கட்டும்.