மூச்சு வாங்கும் ஜெனரேட்டர்

"கரண்ட் போய் அரை மணி ஆச்சு. போன மழைக்காலத்துக்கு அப்புறம் தொடாத ஜெனரேட்டரைக் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணினால், ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. விளக்கெல்லாம் கண் சிமிட்டுது. என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. மாடிப்படிக்கு அடியில்தான் வைத்திருக்கிறாராம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஃப்ரிட்ஜ், டி.வி. ப்ளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் ஏறி இறங்கினால் அவற்றுக்கு ஆகாது.

இந்த மூச்சிரைப்புக்குக் காரணம் பெரும்பாலும் பெட்ரோல் போதாமைதான். 'டாங்க் நிறைய இருக்கே!' என்பீர்கள். இருந்து என்ன? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகி அதை அடைத்துக்கொள்கிறது. இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்கள். அது மழைக்கால உப்பு மாதிரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வேகம் குறைந்ததும் கவர்னர் என்ற பாகம் அதைக் கூட்டப் பார்க்கும். பெட்ரோல் எட்டாமல் மறுபடி இறங்கும். இதுதான் அந்த ஏற்ற இறக்கம்.

திறந்த வெளியில் ஓடவிட்டு, சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். சத்தம் சீரானால் அடைப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறியபின், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இல்லாமல் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தினால் அங்கே தங்கிய தண்ணீரும் வரும். சாக்கடையில் கொட்டாதீர்கள், மெக்கானிக் கடையில் கொடுத்துவிடலாம். டாங்க் மூடியிலுள்ள காற்றுத் துளையையும் பாருங்கள். ஃபில்டர் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். புதுப் பெட்ரோலுக்கும் அடங்கவில்லையா? ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நீங்களே ஊசியை விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும்.

இனி, அந்த மாடிப்படி. என் கவலையெல்லாம் அதுதான். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கும். தூங்குகிறவர்களுக்கு அதுகூடத் தெரியாமல் உயிரே போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாது அம்மா. வாசல், ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, மழை படாமல் மேலே மட்டும் ஒரு தகரம் போட்டு, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள். இன்றைக்கே நகர்த்திவிடுங்கள், ரிப்பேரை நாளைக்குப் பார்க்கலாம்.