பாப்பாவுக்கு ஹேப்பி பர்த்டே... அம்மாவுக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி. கண்ணைத் திறந்ததும் எல்லோரையும்போல நானும் போனைத்தான் எடுத்தேன். ‘3 ஆண்டுகளுக்கு முன்பு இதே நாள்’ என்று அதுவே ஒரு போட்டோவைத் தேடி எடுத்து நீட்டியது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தை. தலையைவிடப் பெரிதாக ஒரு கம்பளிக் குல்லா. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். என் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு மணிக்கட்டு, அதில் என் பெயர் எழுதிய பட்டை. எடை 1 கிலோ 480 கிராம்.

என் மகளை நான் முதன்முதலாகப் பார்த்தது இந்த போட்டோவில்தான். ஆபரேஷன் முடிந்து நான் இரண்டாவது மாடியில் படுத்திருந்தேன். அவள் நான்காவது மாடியில். ‘ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க சார், ஃபிளாஷ் வேண்டாம்’ என்று நர்ஸ் அனுமதித்ததில் என் கணவர் எடுத்துவந்து காட்டிய போட்டோ. நான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிளாஸ்திரிதான் தெரிந்தது.

அந்தக் குழந்தைதான் அன்று ஹாலில் பலூனைத் துரத்திக்கொண்டு, ‘கேக் வந்துடுச்சா? கேக் வந்துடுச்சா?’ என்று வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது!

ஸ்கிரீன் பார்த்ததால் வந்த தலைவலியா?

அப்போது எனக்கு 32 வாரம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் டெஸ்க்கில் வேலை குவிந்து கிடந்தது. இரண்டு நாளாக விடாத தலைவலி. நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்குத் தலைவலி புதிதா என்ன? ஒரு டீ குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கால் வீங்கியிருந்தது. ‘மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்’ என்றார்கள். மோதிரம் கழலவில்லை. முகம் உப்பியிருந்தது. ‘பாரேன், பிள்ளத்தாச்சிக் களை வந்துடுச்சு’ என்று செல்ஃபி எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள், திரையில் எழுத்துகளுக்கு நடுவே மின்மினிப்பூச்சி பறப்பதுபோல இருந்தபோதுதான் டாக்டரிடம் போனேன். பி.பி 170/110. வீட்டுக்குக்கூட அனுப்பாமல் அட்மிட் செய்துவிட்டார்கள்.

‘ப்ரீஎக்ளாம்ப்சியா’ என்றார் டாக்டர். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், கல்லீரல், மூளை வரை பாதிக்கக்கூடிய பிரச்னை. நஞ்சுக்கொடி வளரும் விதத்தில் ஏற்படும் கோளாறில் இது தொடங்குகிறது. முதல் பிரசவத்தில் அதிகம் வரும். மருந்தால் பி.பி-யைக் கட்டுப்படுத்தலாம். ஆனால், நோய் முடிவுக்கு வர பிரசவம் ஆக வேண்டும். குழந்தையின் நுரையீரல் பலப்படுவதற்காக 24 மணி நேர இடைவெளியில் எனக்கு இரண்டு ஸ்டீராய்டு ஊசிகள் போட்டார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது வராண்டாவில் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. ‘ஏழாம் மாசம்னாகூடப் பொழச்சிரும். இது எட்டாம் மாசமாச்சே...’

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊர்களில் காலங்காலமாகச் சொல்லிவரும் பேச்சு அது. ஆனால், அது உண்மையில்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். ஏழாம் மாதக் குழந்தையைவிட எட்டாம் மாதக் குழந்தைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இதை டாக்டர் எனக்குப் பிறகு விளக்கினார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது எனக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் துணைக்கு இருந்தது.

ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு என்று நாள் குறித்திருந்தோம். அம்மா மதுரையில் இருந்து வாங்கிவந்த கண்ணாடி வளையல்கள் அட்டைப்பெட்டியோடு பீரோவிலேயே இருந்தன. வளையலுக்கு முன்னால் பாப்பா வந்துவிட்டாள்.

சட்டை பட்டனைக் கழற்றிய மாப்பிள்ளை

அவளை நான் கையில் வாங்கியது நான்காவது நாள். அதுவரை என்னால் முடிந்தது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சீம்பாலைப் பீய்ச்சிக் கொடுத்து அனுப்புவது மட்டும்தான். முதல் முறை வந்தது ஐந்து மில்லிகூட இருக்காது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்று வேலைகளையும் சேர்த்துச் செய்ய குழந்தைக்கு ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டுமாம். அதனால் பால், குழாய் வழியே நேராக இரைப்பைக்குப் போனது.

நான்காம் நாள், ‘கங்காரு கேர் பண்ணலாமா?’ என்று நர்ஸ் கேட்டார். குழந்தையை வெறும் டயப்பரோடு தாயின் மார்பில், தோலோடு தோல் படும்படி நிமிர்த்திவைத்துக் கட்டிவிடுவது. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிவைத்த முறை இது. இன்று உலகம் முழுக்க இருக்கிறது. எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகளுக்கு முடிந்தவரை பிறந்த உடனேயே இதைத் தொடங்க வேண்டும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

என் நெஞ்சில் அவளைப் படுக்கவைத்தபோது வெயிட்டே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. ஒரு மணி நேரம் நான் அசையவே இல்லை.

அப்பாக்களும் கங்காரு கேர் கொடுக்கலாம். என் கணவர் சட்டை பட்டனைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய, வாசல் கண்ணாடி வழியே பார்த்த என் அம்மா, ‘அய்யோ, மாப்பிள்ளை!’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள், ‘மாப்பிள்ளைகிட்ட படுத்தாத்தான் பிள்ளை நல்லாத் தூங்குது’ என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னதும் அதே அம்மாதான்.

26 நாள்கள். கண் விழித்திரைப் பரிசோதனை முடித்து (குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு மாதத்துக்குள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது), 1 கிலோ 900 கிராம் எடையோடு வீட்டுக்கு வந்தாள்.

கேக் வெட்டும்போது வந்த அழுகை

இவ்வளவு நல்லபடியாக முடிந்த பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். நானும் என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

முதல் பிறந்தநாளுக்கு 40 பேரை அழைத்திருந்தோம். ‘ஒரு வயசாச்சே, இன்னும் நடக்கலையா?’ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சியை, பிரசவத் தேதியாகக் குறித்திருந்த நாளில் இருந்துதான் கணக்கிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படிப் பார்ப்பார்கள். தடுப்பூசி அட்டவணைக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. ஆக, அன்று அவளுக்கு வளர்ச்சிக் கணக்கில் பத்து மாதம்தான். நாற்பது பேரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சிரித்துவைத்தேன்.

எல்லோரும் கைதட்டி ‘ஹேப்பி பர்த்டே’ பாடியபோது எனக்கு மூச்சு முட்டியது. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போட்டு அழுதேன். மானிட்டரின் பீப் சத்தம் காதுக்குள் கேட்டது. இரண்டாவது பிறந்தநாளிலும் அதேதான். பிள்ளை நன்றாக இருக்கிறாள், நான் அழுகிறேன். என்ன அம்மா நான்? அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அந்த இரண்டு நாள் தலைவலியை அலட்சியப்படுத்தாமல் இருந்திருந்தால்?

ஒருநாள் செக்கப்பில் குழந்தைகள் நல டாக்டர், ‘பாப்பா சூப்பர். நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று சாதாரணமாகத்தான் கேட்டார். கடகடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ‘நீங்க முன்னாடியே வந்திருந்தா பி.பி-யை முன்னாடியே பார்த்திருப்போம். ஆனா, இந்த நோய் வந்ததுக்கு நீங்க காரணம் இல்ல’ என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளையை விட்டுவிட்டுக் காத்திருந்த அம்மாக்களுக்கு, அந்த நாள்களின் பயம் பிறந்தநாள் சமயத்தில் திரும்பி வருவது உண்டு என்றும் சொல்லி, மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். மூன்று முறை போய்ப் பேசினேன். மாயமாக எதுவும் மறையவில்லை. ஆனால், எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே பாதி நிம்மதி.

‘அம்மா எங்க?’

இந்த முறை யாரையும் அழைக்கவில்லை. நாங்கள் மூவர், அம்மா, அத்தை அவ்வளவுதான். கேக் வர நேரமானது. சோபாவில் என் மடியில் ஏறி உட்கார்ந்தவள், ‘நான் பொறந்தப்போ என்ன கேக் வெட்டுனீங்க?’ என்றாள்.

‘கேக் வெட்டலடா தங்கம்.’

‘ஏன்?’

என்ன தோன்றியதோ, காலையில் வந்த போட்டோவைக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

‘இது யாரு பாப்பா? குளிருதா அதுக்கு?’

‘குளிரக் கூடாதுன்னுதான் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. அது நீதான்.’

அவள் நம்பவில்லை. போட்டோவை இழுத்து இழுத்துத் தேடினாள். ‘அம்மா எங்க?’

மூன்று வருடமாக நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ‘அம்மா கீழ் மாடியில படுத்திருந்தேன். வயித்துல தையல் போட்டிருந்தாங்க. எழுந்து வர முடியல’ என்றேன்.

‘வலிச்சுச்சா?’

‘ம்.’

அவள் என் வயிற்றில் ‘உஃப்’ என்று ஊதினாள். அடிபட்டால் நாங்கள் அவளுக்கு அப்படித்தான் செய்வோம். ஊதிவிட்டு பலூனைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் பீரோவைத் திறந்து அந்த வளையல் பெட்டியை எடுத்துவந்தார். என் கைக்கு இரண்டு டஜன் ஏறியது. பாப்பாவுக்கு முழங்கை தாண்டிப் போய் நின்றது. குதித்ததில் இரண்டு உடைந்தும் போனது. ‘உடைஞ்சா உடையட்டும், பெருக்கிக்கலாம்’ என்றார் அம்மா.

இரவு அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன். ‘ஏம்மா, நான் பொறந்தன்னைக்கு நீ எப்படி இருந்தே?’

பால் அடுப்பை சிம்மில் வைத்தார். ‘இருபத்தெட்டு வருஷமா யாரும் இதைக் கேட்டதில்லடி.’

அப்புறம் சொன்னார். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தாராம். வலி எடுத்தபோது ராத்திரி பதினோரு மணி. பாட்டி பக்கத்து வீட்டு மாட்டுவண்டியைக் கேட்டு வாங்கி, மழையில் ஆறு கிலோமீட்டர் போனார்களாம். ‘பாதி வழியில வண்டி நின்னுருமோன்னு உன் பாட்டி கையைக் கிள்ளிக்கிட்டே போனேன். அவங்க செத்துப்போற வரைக்கும் அந்தத் தழும்பு இருந்துச்சு.’ சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பால் பொங்கி வழிந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாயசம் வைத்துவிட்டு, ‘நல்லா இரு’ என்று மட்டும் சொல்லும் அம்மா. அந்த மாட்டுவண்டியை அவர் ஒவ்வொரு வருடமும் நினைத்திருப்பார்தானே?

கர்ப்பமாக இருக்கும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிற்றில் வலி... இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பி.பி பாருங்கள், நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு மனசு சரியில்லை என்றால் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அடுத்து வரும் பிறந்தநாள் யாருக்கு? கேக் வெட்டி முடித்ததும், அவரைப் பெற்றவரிடம் போய், ‘அன்னைக்கு நீங்க எப்படி இருந்தீங்க?’ என்று கேட்டுப்பாருங்கள். அடுப்பை மட்டும் மறக்காமல் அணைத்துவிட்டுக் கேளுங்கள்!