கல்லூரி வாயில்

இராயபுரத்தை ஒட்டி நிற்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி 1938-ஆம் ஆண்டில் தோன்றியது. துறைமுகத் தொழிலாளரும், காசிமேட்டு மீனவரும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளரும் நோயுற்றால் நாடுவது அதன் மருத்துவமனையையே. ஆயினும் தம் மக்கள் அங்கு மாணாக்கராய்ப் புகுவரோ என்பதை அவர்கள் முன்கூட்டி அறியார்.

இடங்கள் சில, விழைவோர் பலர். ஆதலின் யாவர்க்கும் இடம் கிடைத்தல் அரிது. அதனைப் பொறுக்கலாம். விதியே இடையில் மாறுவதை எங்ஙனம் பொறுப்பது?

தமிழகத்தில் தொழிற்கல்விக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2007-இல் அது நீங்கிற்று. 2017-இல் மருத்துவக் கல்விக்கு ‘நீட்’ தேர்வு வந்தது. அவ்வாண்டு மாணாக்கர் மார்ச்சுத் திங்களில் மேல்நிலைப் பொதுத் தேர்வு எழுதினர். எத்தேர்வின் மதிப்பெண் தம்மைக் கரை சேர்க்கும் என்பதோ, ஆகஸ்டு 22-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே உறுதியாயிற்று. அதுவரை எத்தனை இல்லங்கள் அலைமேல் துரும்பெனத் தவித்தன!

செல்வர் புதிய தேர்வுக்குப் பொருள் கொடுத்துப் பயிற்சி பெறுவர்; நாட்கூலி பெறுவோர் என் செய்வர்? 2020-இல் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்தமை அக்குறையை ஓரளவு தணித்தது. அது மட்டும் போதாது. பதினோராம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் நாளிலேயே சேர்க்கை விதி இன்னதென்று அறிவித்தல் வேண்டும். அம்மாணாக்கர் கல்லூரி புகும்வரை அதனை மாற்றுதல் ஆகாது.

மாணாக்கர் தம் கடன் கசடறக் கற்றல். ஆள்வோர் கடன் நிலையான நெறி வகுத்தல். பின்னது தவறுமாயின், முன்னதன் பயனும் கெடும். ஆதலின் இடம் பெறாத பிள்ளையைப் பெற்றோர் பழித்தல் தகாது. ஓராண்டின் சேர்க்கைப் பட்டியல் ஒருவரது அறிவை அளக்கும் கோல் அன்று.