சத்தும் மிஞ்சலாமோ?

பெரிபெரி என்றொரு நோயை நம் பாட்டன்மார் நன்கு அறிந்திருந்தனர். தீட்டிய வெள்ளரிசியையே நம்பி வாழ்ந்தோருக்குக் கால் வீங்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு இருதயமே ஓய்ந்துவிடும். 'இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பே அப்பெயர் என்பர். தவிட்டோடு கழிந்துபோன ஒரு சிறு சத்தே அதற்குக் காரணம் என்று உணர வழிகாட்டியவர், பத்தேவியாவில் கோழிகளை ஆராய்ந்த எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர். 1929இல் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

குறைவினால் படபடத்த நெஞ்சு, மிகுதியினாலும் படபடக்குமோ? இவ்வினா அண்மையில் என் வீட்டு வாயிலிலேயே வந்து நின்றது.

வைகறையில் உட்துறைமுக வீதியில் உலாவுவது என் வழக்கம். ஒரு நாள், நிறுத்தியிருந்த தோணிகளைப் பார்த்து நின்றபோது, நெஞ்சு திடீரெனத் துள்ளியது. மறுநாளும் அவ்வாறே. இருதய மின்வரைபில் குற்றமொன்றும் இல்லை. இரத்தப் பரிசோதனையிலோ விட்டமின் பீ12, விட்டமின் டீ இரண்டும் எல்லை கடந்திருந்தன. போதாக்குறைக்குத் தைரொயிட் சுரப்பியும் மிகையாக வேலை செய்வதாகக் கண்டது. என் மனைவி கோணேசர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள்.

"மாஸ்டர், என்ன குளிசை எடுக்கிறீர்கள்?" என்றார் டொக்டர்.

"மருந்தொன்றும் இல்லை. மைத்துனர் இலண்டனிலிருந்து அனுப்பிய சத்துக் குளிசைகள் மட்டுந்தான்."

மூன்று போத்தல்கள்! ஒன்று, முடி கொட்டாதிருக்கப் பயோற்றின். அவற்றை மருந்தென எண்ணாமையால் முன்னரே சொல்லாதுவிட்டேன். பிழை என்னுடையதே.

டொக்டர் விளக்கினார். பீ12 மிகுதி பெரும்பாலும் குளிசையால் வருவது. குளிசையின்றியே மிகுந்தால் ஈரல், சிறுநீரகம், இரத்தம் ஆகியவற்றை ஆராய வேண்டும். விட்டமின் டீயோ கொழுப்பில் தங்குவது. மிக அதிகமானால் இரத்தத்தில் கல்சியத்தை உயர்த்தி, தாகம், வாந்தி, இருதயத் துடிப்பில் மாறுபாடு ஆகியவற்றை உண்டாக்கும். பயோற்றின் செய்யும் குறும்பு வேறு: சில பரிசோதனை முறைகளையே அது பிறழச் செய்யும். தைரொயிட் நோய் இல்லாதவர்க்கு இருப்பதாகவும், மாரடைப்பைக் காட்டும் துரொப்போனின் உயர்ந்திருக்கையில் தாழ்ந்திருப்பதாகவும் காட்டக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2017இல் இதனை எச்சரித்தது.

அவர் சொற்படி குளிசைகளை நிறுத்திச் சில நாட்களின் பின் மீண்டும் பரிசோதித்தோம். தைரொயிட் செவ்வனே இருந்தது, கல்சியமும் அளவோடிருந்தது. இல்லாத நோய்க்கு மருந்துண்ண இருந்தேன்!

அப்படியாயின் படபடப்பு எதனால்? விடைத்தாள் திருத்திய இரவுகளில் உறக்கமின்றிக் குடித்த தேநீராக இருக்கலாம் என்றார் டொக்டர். தேநீரைக் குறைத்தேன், துள்ளலும் குறைந்தது. ஆயினும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஓருடலில் இரண்டு குறைகள் ஒருங்கே தோன்றினால், ஒன்று மற்றதன் காரணம் என்று துணிதல் தவறு.

மிகையும் குறையும் நோய் செய்யும் என்பதை 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் என்றோ உரைத்துவிட்டார். ஆகவே வைத்தியரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள போத்தல்கள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டு செல்லுங்கள். படபடப்புடன் மார்புவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருப்பின் ஒரு கணமும் தாமதியாது ஆசுப்பத்திரியை நாடுங்கள். அன்பாகக் கடல் கடந்து வந்த பொருளாயினும், அளவறிந்து உண்பதே அன்புக்கு நாம் செய்யும் மரியாதை.