அது எங்க லிமிட் இல்லீங்க

ஞாயித்துக்கிழமை. வாரத்துல நமக்குன்னு இருக்குற ஒரே நாள். காலையிலேயே கேரம் போர்டை மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய், தண்ணி டிரம் மேல வெச்சு, பவுடர் தூவி, காயினை அடுக்கிட்டு டீ குடிக்கக் கீழே வந்தேன். ஒரு டீ, அவ்வளவுதான். திரும்பி மேல போய் ஸ்ட்ரைக்கரைத் தட்டினா, அது பாதி வழியிலயே மூச்சு வாங்கி நின்னுடுச்சு. போர்டை விரலால தேய்ச்சுப் பார்த்தேன். விரல் நுனி கறுப்பு.

போரிக் பவுடர் எப்பங்க கறுப்பாச்சு?

என் பையன் ஒண்ணும் கேக்கல. கொடியில கிடந்த பழந்துணியை எடுத்துட்டு வந்து தொடைக்க ஆரம்பிச்சுட்டான். அதுதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவனுக்கு இது ஆட்டத்தோட ரூல் மாதிரி ஆயிடுச்சு. முதல்ல தொடைக்கணும், அப்புறம் பவுடர், அப்புறம்தான் ரெட்டு.

எங்க ஏரியாவுல கேரம்னா சும்மா பொழுதுபோக்குன்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு தடவை உலக சாம்பியன் ஆகி அர்ஜுனா விருதும் வாங்கின மரியா இருதயம் பேரைச் சொன்னா, கிளப்புல தூங்கிட்டு இருக்குற பெருசுங்க நிமிர்ந்து உட்காரும். 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில மூணு தங்கம் ஜெயிச்ச காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு. அப்பா ஆட்டோ ஓட்டுறவர். ஆனா வெளியில போய் நான் வடசென்னைன்னு சொன்னா என்ன கேக்குறாங்க தெரியுமா? "அங்கெல்லாம் கத்தி கபடான்னு இருக்குமாமே?" எங்க ஏரியா பேர்லயே 2018-ல வந்த படத்துல ஹீரோவே கேரம் பிளேயர்தான். அது மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்ல. சரி விடுங்க, அது வேற வயித்தெரிச்சல்.

இந்தக் கறுப்புக்கும் எனக்கும் பழைய பகை. நான் பொறந்து வளர்ந்தது ராயபுரம். ஹார்பர்ல நிலக்கரி இறக்கின காலம். காலையில வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனா, சாயங்காலம் காலர்ல கண்மை பூசின மாதிரி கோடு. அம்மாவுக்கு இழுப்பு. "தூசி இல்லாத இடமாப் பாருங்க"ன்னாரு டாக்டர். பார்த்தேன். என் சம்பளத்துக்கு எட்டின இடம் எர்ணாவூர். 2011 சித்திரையில பால் காய்ச்சினோம்.

அதே வருஷம் ஹைகோர்ட் சொல்லிடுச்சு, சென்னைத் துறைமுகத்துல இனிமே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளக் கூடாதுன்னு. நல்ல தீர்ப்பு. ராயபுரத்து ஜனங்க எத்தனை வருஷம் தொண்டை கட்டக் கத்தினாங்க! அக்டோபரோட நிறுத்திட்டாங்க. சரி, நிறுத்தின நிலக்கரி எங்க போச்சு?

எண்ணூர் துறைமுகத்துக்கு. அதாவது, எங்க எர்ணாவூருக்கு வடக்கே.

நான் வீடு மாத்தினேன், அதுவும் என் பின்னாடியே வீடு மாத்திக்கிச்சு. பால் காய்ச்சிச்சான்னுதான் தெரியல. "இப்பல்லாம் ஜன்னலைத் தொறந்தே வெக்கிறோம்ணே"ன்னு ராயபுரத்துலேர்ந்து தங்கச்சி போன்ல சொல்றா. சந்தோஷம்மான்னு சொல்லிட்டு, எங்க வீட்டு ஜன்னலைச் சாத்திட்டு வந்தேன்.

எங்க வீட்டுல துணி காயப்போடுறது ஒரு சயின்ஸ். "ஏங்க, காத்து எந்தப் பக்கம்?" இதைக் கேக்காம என் வீட்டுக்காரி பக்கெட்டைத் தூக்க மாட்டா. வடக்கேர்ந்து அடிச்சா வெள்ளைத் துணி எல்லாம் ஹால்ல, ஃபேனுக்குக் கீழ. கடல்காத்து வந்தாத்தான் மாடிக்கு. பையனோட யூனிஃபார்ம் சட்டைக்குன்னு வீட்டுக்குள்ளயே தனிக் கொடி. கலர் புடவை எப்படியோ போகட்டும்னு தலை முழுகியாச்சு.

கம்ப்ளைன்ட் பண்ணலையான்னு கேக்குறீங்க. பண்ணாம இருப்பேனா? முதல் ஆபீஸ்ல, "இது லாரி கிளப்புற புழுதி சார், ரோட்டைப் பார்க்குறவங்ககிட்ட கேளுங்க." ரோட்டைப் பார்க்குறவங்க, "பெரிய ரோடு எங்க லிமிட் இல்ல, உள்தெரு மட்டும்தான்." மூணாவது இடத்துல ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. "எந்தக் கம்பெனியிலேர்ந்து வருதுன்னு ஆதாரத்தோட எழுதிக் குடுங்க சார், கண்டிப்பா ஆக்‌ஷன் எடுப்போம்." தூசி என்ன லெட்டர்பேடுலயா வருது? ஒரு பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போகலாமான்னுகூட யோசிச்சேன். பஸ்ல போலீஸ் புடிச்சா என்னன்னு சொல்றது?

இதுல எனக்கு வாய் கூசுற விஷயம் ஒண்ணு இருக்கு. எனக்குச் சோறு போடுறதும் ஒரு துறைமுகம்தான், சென்னைத் துறைமுகம். க்ளியரிங் ஆபீஸ்ல இருபது வருஷம். எங்க வீட்டுப் பக்கம் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்னைக்கு. ஏசி, பளபளன்னு தரை, எல்லாம் சரி. அது துறைமுகத்து ஜீரோ கேட் வாசல்ல என்னை இறக்கி விடுமா? அதனால பைக்தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல முன்னாடி ஒரு நாப்பதடி ட்ரெய்லர், பின்னாடி ஒரு நாப்பதடி ட்ரெய்லர், நடுவுல ஹெல்மெட்டுக்குள்ள நான். கேட்டுக்கு வெளியே லாரி வரிசை நகரவே நகராது. டிரைவர்ங்க வண்டி ஓரமா ஸ்டவ்வைப் பத்த வெச்சு ரசம் கொதிக்க வெக்கிறாங்க. கோயம்புத்தூர்லேர்ந்து கஸ்டமர் போன் போட்டு, "கப்பல் கட்-ஆஃப் நெருங்குதுங்க, பெட்டி ஏனுங்க இன்னும் உள்ள போகல?"ன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்? "அது எங்க லிமிட் இல்லீங்க"ன்னுதான் சொன்னேன். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

தூசியாவது பரவாயில்ல, தொடைச்சுடலாம். 2017 ஜனவரியில எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்ப, கரையில ஒதுங்கினதை வாளியில அள்ளினதை நாடே டிவியில பார்த்துச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணெய் அடிச்சுட்டு வந்து எண்ணூர் முகத்துவாரத்துல நின்னப்ப, மீனவங்க படகுல உட்கார்ந்து மக்குல மொண்டாங்க. கிட்டத்தட்ட ஏழு வருஷத்துல நாம கண்ட முன்னேற்றம் அது: வாளியிலேர்ந்து மக்கு.

அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாய்லேர்ந்து அமோனியா கசிஞ்சுது. தூக்கத்துல எழுந்து ஜனங்க ஓடினாங்க. எங்க தெருவுலயும் நெடி. அம்மாவுக்கு மூக்குல ஈரத்துணியைக் கட்டிப் பைக்குல உட்கார வெச்சுட்டேன். எந்தப் பக்கம் ஓடுறது? சைரனா, மைக்கா, ஒரு மெசேஜா, எதுவும் எங்க தெருவுக்கு வரல. வாசல்ல நின்ன என் வீட்டுக்காரி முந்தானையைத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "வடக்கேர்ந்துதாங்க வருது, தெக்கால விடுங்க"ன்னா. துணி காயப்போட்டுக் கத்துக்கிட்ட சயின்ஸ் அன்னைக்குத்தான் உசுரைக் காப்பாத்துச்சு.

பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், 1970-லேர்ந்து புகைஞ்சது, 2017-ல மூடினாங்க. அப்பாடான்னு இருந்தோம். அதே இடத்துல 660 மெகாவாட்டுக்குப் புதுசா ஒண்ணு கட்டணும்னு 2024 டிசம்பர்ல எர்ணாவூர்லயே கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டாங்க. கருத்து கேக்குறாங்களாம். அம்மாவோட இன்ஹேலரைக் கேக்கச் சொல்லுங்க, அது சொல்லும்.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். நிலக்கரி இங்க வந்த அதே 2011 அக்டோபர்லதான் திருவொற்றியூரையும் கத்திவாக்கத்தையும் சென்னை மாநகராட்சியோட சேர்த்தாங்க. மண்டலங்களுக்கு நம்பர் போட்டதே எங்ககிட்டேர்ந்துதான். மண்டலம் 1, திருவொற்றியூர். நேத்து சொத்து வரி நோட்டீஸ் வந்துச்சு. அதுல மண்டலம், வார்டு, தெரு, கதவு எண் எல்லாம் ஒரு எழுத்து பிசகாம இருக்கு. என் வீடு யாரோட லிமிட்டுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.